வினிகருக்கு மெத்தில் ஆரஞ்சு ஏன் ஒத்துவரவில்லை? நிறங்காட்டியை எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

ஆயர் ஈத்தாம் மாணவன்:

அனைவருக்கும் வணக்கம். பினாங்கில் ஆறாம் படிவம் படிக்கிறேன். எஸ்டிபிஎம் (ஆறாம் படிவ இறுதித் தேர்வு) வேதியியலில் ஒரு சந்தேகம். லேபில் டைட்ரேஷன் செய்தோம், அதாவது அமிலம் தீரும்வரை காரத்தைத் துளித்துளியாக விட்டு அளந்தோம், தீர்ந்ததை நிறங்காட்டியின் நிறம் மாறுவதை வைத்துப் பார்த்தோம். பியூரெட்டில் 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு, குடுவையில் 25 மில்லி ஹைட்ரோகுளோரிக் அமிலம். நான் பினாப்தலீன் போட்டேன், பக்கத்து மேசை நண்பன் மெத்தில் ஆரஞ்சு போட்டான். எனக்கு 25.1, அவனுக்கு 24.8. கிட்டத்தட்ட ஒன்றுதான்.

அடுத்து வினிகரைப் பத்து மடங்கு நீர்த்து, அதிலும் 25 மில்லி எடுத்துச் செய்தோம். எனக்கு 20.8 மில்லி வந்தது. அவனுக்கு ஆறு மில்லி சுமாரிலேயே மஞ்சளாகிவிட்டது. எந்தத் துளியில் மாறியது என்றே சொல்ல முடியவில்லை, மெல்ல மெல்ல மாறிக்கொண்டே போனது. வலிமை குறைந்த அமிலத்துக்குப் பினாப்தலீன் என்று அட்டவணையில் இருக்கிறது, சரி. ஆனால் ஏன்?

இன்னொன்று. வினிகரில் இருக்கும் அமிலம் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான் அயனியாகிறது என்கிறார்கள். அப்படியென்றால் சோடியம் ஹைட்ராக்சைடும் கொஞ்சமாகத்தானே செலவாக வேண்டும்? முழுக் கணக்கும் ஏன் போகிறது?

செபராங் ஜெயா ரமா:

தம்பி, தேர்வுக்கு நான்கே வரிதான். வலிய அமிலம் வலிய காரம் என்றால் எதுவும் போடலாம். வலிய அமிலம் மெலிந்த காரம் என்றால் மெத்தில் ஆரஞ்சு. மெலிந்த அமிலம் வலிய காரம் என்றால் பினாப்தலீன். இரண்டும் மெலிந்தது என்றால் எதுவும் ஆகாது. மனப்பாடம் செய்துவிடுங்கள். என் மகளும் அப்படித்தான் படித்தாள்.

பிறை டீச்சர்:

ரமா அக்கா சொன்ன நான்கு வரியும் சரிதான், அதில் பிழை இல்லை. ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு போகும் பிள்ளைகள், அட்டவணையில் இல்லாத ஓர் அமிலம் வந்தவுடன் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்கள். வருடா வருடம் டியூஷனில் பார்க்கிறேன். காரணம் தெரிந்த பிள்ளைக்கு அட்டவணையே தேவையில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தம்பி, இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குவோம். அமிலத்தின் வலிமை வேறு, செறிவு வேறு. வினிகரில் இருப்பது அசிட்டிக் அமிலம். அது 0.1 மோலார் இருந்தால் அதில் ஏறக்குறைய 1.3 சதவீத மூலக்கூறுகள்தான் ஹைட்ரஜன் அயனியை விட்டுக் கொடுத்திருக்கும். அதனால் பி.எச். (அமிலத்தன்மையின் அளவுகோல்: 7 நடுநிலை, கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம்) 2.9. அதே செறிவு ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு பி.எச். 1. ஆனால் நீங்கள் காரத்தை ஊற்ற ஊற்ற, வெளியே இருக்கும் அயனிகள் செலவாகின்றன. உடனே சமநிலை நகர்ந்து, அயனியாகாமல் இருந்த மூலக்கூறுகள் புதிதாக விட்டுக் கொடுக்கின்றன. கடைசி மூலக்கூறு வரை இது நடக்கும். ஆகவே எவ்வளவு காரம் செலவாகும் என்பதை முடிவு செய்வது மொத்த மோல் கணக்கு. வலிமை அதில் தலையிடாது.

வினிகரை நீர்த்தால் அமிலம் மெலிந்துவிடும் என்றும் பலர் நினைக்கிறார்கள். அமிலத்தின் வலிமையைச் சொல்லும் மாறிலியான கே.ஏ. மதிப்பு 1.8 × 10⁻⁵, அது அப்படியே இருக்கும். 0.01 மோலாராக நீர்த்தால் அயனியாகும் பங்கு 4 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடச் செய்யும்.

அப்படியானால் வலிமை எதில் தலையிடுகிறது? முடியும் நேரத்தில் பி.எச். எங்கே இருக்கிறது, எவ்வளவு தூரம் தாவுகிறது என்பதில். நிறங்காட்டித் தேர்வு முழுக்க இதைப் பொறுத்துத்தான்.

நிறங்காட்டியும் ஒரு வலிமை குறைந்த அமிலம்தான். ஹைட்ரஜனோடு இருக்கும்போது ஒரு நிறம், அதை விட்டபின் வேறு நிறம். மாறுவதற்கு அதற்கென்று ஓர் எல்லை உண்டு. மெத்தில் ஆரஞ்சுக்கு 3.1 முதல் 4.4. மெத்தில் ரெட்டுக்கு 4.4 முதல் 6.2. புரோமோதைமால் புளூவுக்கு 6.0 முதல் 7.6. பினாப்தலீனுக்கு 8.2 முதல் 10. குடுவைக்குள் அமிலம் தீர்ந்ததா இல்லையா என்பது நிறங்காட்டிக்குத் தெரியாது. தன் எல்லை வந்தால் மாறும், அவ்வளவுதான்.

இப்போது உங்கள் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பாருங்கள். இரண்டு பக்கமும் 0.1 மோலார், 25 மில்லியில் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு துளி ஏறக்குறைய 0.05 மில்லி. முடிவுக்கு ஒரு துளி முன்னால், 24.95 இல், மீதி இருக்கும் அமிலம் 0.005 மில்லிமோல். குடுவையில் 50 மில்லி இருக்கிறது. ஆக செறிவு 0.0001 மோலார், பி.எச். 4. ஒரு துளி தாண்டி 25.05 இல் அதே அளவு காரம் மிஞ்சும், பி.எச். 10. இரண்டே துளியில் 4 இலிருந்து 10. மெத்தில் ஆரஞ்சு மாறி முடிப்பதும் அதற்குள்தான், பினாப்தலீன் மாறத் தொடங்குவதும் அதற்குள்தான். அதனால்தான் உங்கள் இருவர் எண்ணும் பக்கத்தில் வந்தது.

வினிகரில் அதே 24.95 இல் என்ன நடக்கிறது? 499 பங்கு அசிட்டேட் (ஹைட்ரஜன் அயனியை விட்டுவிட்ட அமிலம்), ஒரு பங்கு விடாத அமிலம். 499 க்கு லாக் 2.7. அமிலத்தின் பி.கே.ஏ., அதாவது கே.ஏ.யின் லாக்கை எதிர்க்குறியோடு எடுத்தது, 4.76. கூட்டினால் 7.46. ஒரு துளி தாண்டினால் இங்கும் பி.எச். 10 தான், ஏனென்றால் மிஞ்சியது அதே காரம். ஆக தாவல் 7.5 முதல் 10 வரை மட்டுமே. சரியாக முடியும் இடம் 8.7. பினாப்தலீன் அந்தத் தாவலுக்குள் உட்காருகிறது. மெத்தில் ஆரஞ்சின் 4.4 எங்கே வரும் என்று கணக்குப் போட்டால், அமிலத்தில் 30 சதவீதம் மட்டும் தீர்ந்திருக்கும்போதே. உங்கள் 20.8 மில்லியில் 30 சதவீதம் 6.2 மில்லி. நண்பருக்கு ஆறு மில்லியில் மஞ்சளானது இதனால்தான். அந்தப் பகுதியில் பி.எச். படுத்துக்கொண்டு மெதுவாக ஏறுவதால் நிறமும் மெதுவாகத்தான் மாறும்.

சுருக்கமாக ஒரு வழி சொல்கிறேன். 0.1 மோலார் அளவில், வலிமை குறைந்த அமிலத்தின் பி.கே.ஏ.யோடு 2.7 கூட்டுங்கள். அங்கிருந்து 10 வரை தாவல். அந்த இடைவெளிக்குள் எந்த நிறங்காட்டி மாறுகிறதோ அதைப் போடுங்கள்.

கேஎல் அனலிஸ்ட்:

டீச்சர் விளக்கம் அருமை. ஒரு சிறு மறுப்பு மட்டும். வலிய அமிலத்துக்கும் வலிய காரத்துக்கும் எது வேண்டுமானாலும் போடலாம் என்பது 0.1 மோலாருக்குத்தான் பொருந்தும். 0.001 மோலாரில் செய்து பாருங்கள். ஒரு துளி முன்னும் பின்னும் பி.எச். 6 முதல் 8 வரைதான் தாவும். மெத்தில் ஆரஞ்சு முன்கூட்டியே மாறிவிடும், பினாப்தலீன் தாமதிக்கும். டீச்சர் சொன்னவற்றில் அங்கே புரோமோதைமால் புளூ ஒன்றுதான் கைகொடுக்கும். நீர் மாதிரிகளில் வேலை செய்கிறவர்கள் செறிவு குறைந்த கரைசல்களையே அதிகம் பார்ப்போம். ஆகவே கேள்வித்தாளில் செறிவைப் பார்க்காமல் நிறங்காட்டியை எழுதக் கூடாது.

பிறை டீச்சர்:

முழுக்க உடன்படுகிறேன். செறிவு பத்து மடங்கு குறைந்தால் வலிய அமிலம் வலிய காரம் ஜோடியின் தாவலில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு அலகு போய்விடும். வினிகர் போன்றவற்றில் மேல்பக்கம் மட்டும் ஓர் அலகு குறையும்.

ஆயர் ஈத்தாம் மாணவன்:

டீச்சர், மிக்க நன்றி. 30 சதவீதக் கணக்கை நானே ஒருமுறை போட்டுப் பார்த்தேன், அப்படியே வருகிறது. இன்னொரு கேள்வி. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் எங்கள் இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றால், 25.1 க்கும் 24.8 க்கும் நடுவில் அந்த 0.3 மில்லி எங்கிருந்து வந்தது? இரண்டு துளியில் எல்லாம் முடிகிறது என்றால் 0.1 மில்லிக்கு மேல் வித்தியாசம் வரக் கூடாதே.

கிள்ளான் பாமாயில் லேப்:

நல்ல கேள்வி, தம்பி. பலர் இதைக் கைத்தவறு என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். உங்கள் சோடியம் ஹைட்ராக்சைடு பாட்டிலைப் பாருங்கள்.

நம் ஊர் ஈரத்தில் சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகளைத் தராசில் வைத்து எண் நிற்பதற்குள் மேலெல்லாம் பளபளவென்று வியர்த்துவிடும். எடை ஏறிக்கொண்டே இருக்கும். அது தண்ணீரை மட்டுமா இழுக்கிறது, காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்துக் கொஞ்சம் சோடியம் கார்பனேட்டாக மாறிவிடுகிறது. கரைசலாக்கி மூடி சரியில்லாத பாட்டிலில் வைத்தாலும் இதே கதை.

கார்பனேட் இரண்டு படியில் அமிலத்தோடு வினைபுரியும். முதல் படி பைகார்பனேட், பி.எச். 8.3 பக்கத்தில். இரண்டாவது படி கார்பானிக் அமிலம், பி.எச். 4 பக்கத்தில். பினாப்தலீன் முதல் படியில் நிற்கும், அதாவது ஒரு கார்பனேட்டுக்கு ஓர் அமிலம் என்று கணக்கு. மெத்தில் ஆரஞ்சு இரண்டு படியையும் எண்ணும். ஆகவே உங்கள் காரம் மெத்தில் ஆரஞ்சுக்குக் கொஞ்சம் வலுவாகத் தெரியும், குறைவான மில்லியில் முடியும். பினாப்தலீனுக்குக் கூடுதலாக ஊற்ற வேண்டும். உங்களுக்கு 25.1, நண்பருக்கு 24.8. திசை சரியாக இருக்கிறது பாருங்கள்.

இதற்கு மருந்து உண்டு. வில்லையை எடை போட்ட கணக்கை நம்பக் கூடாது. பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்டை உலர்த்தி, எடை போட்டு, அதை வைத்து சோடியம் ஹைட்ராக்சைடின் செறிவைக் கண்டுபிடிக்க வேண்டும். மோலார் நிறை 204.2, ஈரம் இழுக்காத பொருள். அதுவும் பினாப்தலீனில்தான் முடியும், வினிகரும் பினாப்தலீனில்தான் முடியும். ஒரே நிறங்காட்டியில் இரண்டையும் செய்தால் கார்பனேட் பிழை பெரும்பாலும் தானே கழிந்துவிடும். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள். இளஞ்சிவப்பு 30 நொடி நின்றால் போதும், அப்புறம் அது வெளுப்பது காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடால். வெளுக்கிறதே என்று மேலும் மேலும் துளி விடாதீர்கள்.

செபராங் ஜெயா ரமா:

இதைப் படித்ததும் எனக்கொரு கேள்வி. ஆலத்தி எடுக்க மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு போட்டால் சிவக்கிறதே, அதுவும் இதே சங்கதிதானா? என் இளைய மகன் அறிவியல் விழாவுக்கு மஞ்சளையும் சங்குப்பூவையும் வைத்து ஏதோ செய்கிறான். வீட்டுப் பொருளை வைத்து வினிகரை அளக்க முடியுமா?

பிறை டீச்சர்:

அதேதான், அக்கா. மஞ்சளில் இருக்கும் குர்குமின் ஒரு நிறங்காட்டி. பி.எச். 7.4 இலிருந்து 8.6 க்குள் மஞ்சளிலிருந்து செங்கபிலத்துக்கு மாறும். சுண்ணாம்புத் தண்ணீரின் பி.எச். 12 க்கு மேல், அதனால் உடனே சிவக்கிறது. ஆலத்தித் தட்டில் எலுமிச்சை பிழிந்தால் திரும்ப மஞ்சளாகும், பையனைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. வினிகரின் தாவல் 7.5 முதல் 10. மஞ்சளின் மாற்றம் 7.4 முதல் 8.6. அப்படியே உள்ளே வந்து உட்காருகிறது! மஞ்சள் தூளை ஆல்கஹாலில் ஊறவைத்து வடிகட்டி, அதில் சில துளி விட்டால் வினிகர் டைட்ரேஷனைப் பினாப்தலீனுக்குப் பக்கத்தில் முடிக்கலாம். தண்ணீரில் அது சரியாகக் கரையாது, அதனால் ஆல்கஹால். காரத்தைப் பெரியவர் யாராவது கண்ணாடி மாட்டிக்கொண்டு கையாள வேண்டும்.

சங்குப்பூ பார்க்க அழகு. நாசி கெராபுவிலும் பூலுட் தை தையிலும் வரும் அதே நீலம். ஆனால் அமிலத்தில் செம்மை, பிறகு ஊதா, நீலம், காரத்தில் பச்சை என்று நீண்ட தூரம் மாறிக்கொண்டே போகும். ஒரு திரவம் அமிலமா காரமா என்று காட்ட நல்லது. எந்தத் துளியில் முடிந்தது என்று சொல்ல உதவாது. பல நிறங்காட்டிகளின் கலவையான யுனிவர்சல் இன்டிகேட்டரை டைட்ரேஷனில் போடாததும் இதே காரணத்தால்தான்.

பால்மரத்துக்காரன்:

வணக்கம். கெடாவில் ஒரு லேடெக்ஸ் தொழிற்சாலை லேபில் இருந்து ஓய்வு பெற்றவன், இப்போது பட்டர்வொர்த் வாசி. எல்லோரும் வினிகர் பக்கமே பேசுகிறீர்கள், மெலிந்த காரத்தின் பக்கமும் கொஞ்சம் பேசலாம்.

ரப்பர்பால் கெட்டு உறையாமல் இருக்க அமோனியா சேர்ப்பார்கள். அடர்த்தியாக்கிய பாலில் உயர் அமோனியா வகை என்றால் குறைந்தது 0.60 சதவீதம் இருக்க வேண்டும். குறை அமோனியா வகையில் 0.29 க்கு மேல் போகக் கூடாது. இந்த எண்ணை எப்படிக் கண்டுபிடிக்கிறோம்? சில கிராம் பாலை எடை போட்டு, நிறைய தண்ணீரில் கலந்து, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் டைட்ரேட் செய்வோம். அமிலம் பட்டால் பால் உறைந்து கட்டியாகிவிடும், அதனால் முதலிலேயே நிலைப்படுத்தி ஒன்றை ஊற்றிவிட வேண்டும். நிறங்காட்டி மெத்தில் ரெட். வெள்ளைப் பாலுக்குள் இலேசான மஞ்சள் மங்கி, இளஞ்சிவப்பு தட்டும். முதலில் வரும் சாயல் கலக்கிவிட்டால் மறைந்துவிடும். பிறகு ஒரு துளியில் குடுவை முழுக்க ரோஜா நிறம் பரவி நிற்கும். அதைக் கண்டுபிடிக்கப் பழகிய கண் வேண்டும். பக்கத்தில் டைட்ரேட் செய்யாத குடுவை ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்க வைத்துக்கொண்டால் புதியவர்களுக்குச் சுலபம்.

ஏன் மெத்தில் ரெட் என்று டீச்சர் கணக்குப்போட்டுச் சொன்னால் எனக்கும் மகிழ்ச்சி.

பிறை டீச்சர்:

ஐயா, உங்களைப் போன்றவர்கள் எழுதுவதுதான் பிள்ளைகளுக்கு வேண்டும். மிக்க நன்றி.

காரத்தின் பக்கம் கணக்கு தலைகீழ். அமோனியா ஹைட்ரஜன் அயனியை ஏற்றதும் வரும் அம்மோனியம் அயனியின் பி.கே.ஏ. 9.25. அதிலிருந்து 2.7 கழித்தால் 6.55. ஒரு துளி தாண்டினால் அமிலம் மிஞ்சி பி.எச். 4. ஆக தாவல் 6.5 இலிருந்து 4 வரை கீழே இறங்குகிறது. 0.1 மோலார் அளவில் சரியாக முடியும் இடம் 5.3. மெத்தில் ரெட்டின் 4.4 முதல் 6.2 என்ற எல்லையின் நட்டநடுவில் அது விழுகிறது. பள்ளி அட்டவணையில் இருக்கும் மெத்தில் ஆரஞ்சும் ஓரளவு ஒத்துவரும், ஆனால் தாவலின் கடைசி ஓரத்தில்தான் மாறும். என்னைக் கேட்டால் மெத்தில் ரெட்டே மேல்.

இங்கே பினாப்தலீன் போட்டால் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். 25 மில்லியில் முடிய வேண்டிய அமோனியாவில், நான்கு மில்லியிலேயே சிவப்பு வெளுக்கத் தொடங்கி, 23 மில்லி வரை வெளுத்துக்கொண்டே போகும். வினிகரில் மெத்தில் ஆரஞ்சு செய்ததை இங்கே பினாப்தலீன் செய்கிறது.

கிள்ளான் பாமாயில் லேப்:

ரப்பர் வந்துவிட்டது, பாமாயிலை விட முடியுமா? கச்சா பாமாயிலில் தனித்திருக்கும் கொழுப்பமிலத்தைத் தினமும் டைட்ரேட் செய்கிறோம். பழம் அடிபட்டாலோ ஆலைக்குத் தாமதமாக வந்தாலோ இந்த அமிலம் ஏறிவிடும், விலை இறங்கிவிடும். பொதுவாக 5 சதவீதம் தான் மேல் எல்லை. கொழுப்பமிலம் மெலிந்தது, காரம் வலியது, ஆகவே பினாப்தலீன். எண்ணெய் தண்ணீரில் கரையாது என்பதால் ஆல்கஹாலில் செய்வோம். அந்த ஆல்கஹாலிலேயே கொஞ்சம் அமிலம் இருக்கும், எனவே எண்ணெயைச் சேர்க்கும் முன்னரே பினாப்தலீன் விட்டு, இலேசான சிவப்பு வரும்வரை காரம் சேர்த்து நடுநிலையாக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

கணக்கு: 25.6 ஐ மோலாரிட்டியாலும் மில்லியாலும் பெருக்கி, எண்ணெயின் கிராமால் வகுக்க வேண்டும். பால்மிட்டிக் அமிலத்தின் மோலார் நிறை 256, அதிலிருந்து வந்த 25.6. ஐந்து கிராம் எண்ணெய்க்கு 0.1 மோலார் காரம் 9.8 மில்லி செலவானால் 5 சதவீதம்.

கச்சா எண்ணெயே செம்மஞ்சள் நிறம், அதில் இளஞ்சிவப்பைப் பிடிப்பதுதான் பாடு. பி.எச். எல்லை பொருந்தினால் மட்டும் போதாது, அந்த நிற மாற்றம் அந்த மாதிரியில் கண்ணுக்குத் தெரியவும் வேண்டும். மாதிரி மிகக் கருமையாக இருந்தால் மின்முனை வைத்து அளப்பதே நல்லது.

கேஎல் அனலிஸ்ட்:

டீச்சரின் 2.7 கணக்கு எங்கே கைவிடும் என்பதையும் பிள்ளைகள் பார்க்கட்டும். கேரம் பலகையில் தூவும் பவுடர் போரிக் அமிலம். மீ நூடல்ஸ் கெடாமலிருக்கச் சிலர் அதைக் கலந்ததால் இங்கே உணவுச் சோதனையில் தேடப்படும் பொருளும்கூட. உணவில் அதற்கு அனுமதி இல்லை. அதன் பி.கே.ஏ. 9.24. 2.7 ஐக் கூட்டினால் 12 க்கு அருகில் போகிறது, 10 ஐத் தாண்டிவிட்டது. அதாவது தாவலே இல்லை. எந்த நிறங்காட்டியும் உதவாது. ஆனால் மன்னிட்டால் என்னும் இனிப்புப் பொருளைச் சேர்த்தால், போரிக் அமிலம் அதோடு பிணைந்து பல மடங்கு வலிய அமிலமாக நடந்துகொள்ளும். அப்புறம் பினாப்தலீனிலேயே அழகாக முடிக்கலாம். நிறங்காட்டியை மாற்ற வழியில்லாத இடத்தில் அமிலத்தின் வலிமையையே மாற்றிவிடுகிறோம். எனக்குப் பகுப்பாய்வு வேதியியலில் ஆசை வந்ததே இதைப் படித்த பிறகுதான்.

அசிட்டிக் அமிலமும் அமோனியாவும் சேரும்போதும் இதே நிலை. முடிவு பி.எச். 7 இல்தான், ஆனால் அதைச் சுற்றிச் செங்குத்தான ஏற்றம் இல்லை. அங்கே மின்கடத்துதிறனை அளந்து முடிப்பார்கள்.

ஆயர் ஈத்தாம் மாணவன்:

எல்லோருக்கும் மிகவும் நன்றி. பால்மரத்து ஐயா எழுதியதைப் பார்த்ததும், தோட்டத்தில் பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலத்துக்கு நானே கணக்குப் போட்டேன். பி.கே.ஏ. 3.75. கூட்டினால் 6.45. தாவல் 6.5 முதல் 10. முடியும் இடம் 0.1 மோலாரில் 8.2 வருகிறது. ஆகவே பினாப்தலீன் போடலாம். புரோமோதைமால் புளூவும் 7.6 இல் மாறி முடிப்பதால், முழு நீலம் வரும்வரை காத்திருந்தால் அதுவும் ஆகும் என்று நினைக்கிறேன். சரியா, டீச்சர்?

பிறை டீச்சர்:

முழுக்கச் சரி. முழு நீலம் என்று நீங்கள் சேர்த்ததுதான் முக்கியம். பச்சை தட்டத் தொடங்கியதுமே நிறுத்தினால் ஒரு துளி முன்னால் நிற்பீர்கள், முழு நீலத்தில் தாவலுக்குள் வந்துவிடுவீர்கள். விடைத்தாளில் நிறங்காட்டியின் பெயரோடு எந்த நிறத்தில் நிறுத்தினீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

பால்மரத்துக்காரன்:

தம்பி, ஃபார்மிக் அமிலம் கையில் பட்டால் கொப்புளம் போட்டுவிடும். வலிமை குறைந்த அமிலம் என்று புத்தகத்தில் இருப்பதை நம்பி உறையில்லாமல் பாட்டிலைத் தொடாதீர்கள். தோட்டத்தில் எங்கள் ஆட்கள் பலருக்கு அந்தத் தழும்பு இருந்தது.